எருமேலியிலிருந்து பெருவழிப் பாதையில் முதன்முறையாகச் சபரிமலைக்கு நடந்து செல்பவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்த ஆண்டு கன்னிசாமியாக, அதாவது முதன்முறை செல்பவராக, மாலை அணிவதாகவும், எருமேலியிலிருந்து காட்டு வழியாகச் செல்லும் நீண்ட பழம்பாதையான பெருவழியில் நடக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடன் வரும் நண்பர்கள் ஒரே நாளில் பம்பையை அடைந்துவிடலாம் என்கிறார்கள். அறுபது வயதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள தந்தையாரும் உடன் வர விரும்புகிறார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் இரண்டு இரவுகள் தங்கிச் செல்ல முடியுமானால் பெருவழியில் தயங்காமல் செல்லுங்கள். ஒரே நாளில் ஓடி முடிப்பதுதான் திட்டமென்றால், பம்பையிலிருந்து நீலிமலை வழியாகச் சன்னிதானத்துக்கு ஏறும் குறுகிய பாதையே நல்லது. அதில் குறைவு ஒன்றுமில்லை.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் தூரம் மட்டுமன்று. எருமேலியிலிருந்து சன்னிதானம் வரை சுமார் 45 கி.மீ. என்பது வழக்கமான கணக்கு; உடல் வலுவுள்ள இளைஞர்கள் இதைவிட அதிகமாகவும் நடந்துவிடுவார்கள். ஆனால் இந்தப் பாதையில் ஒவ்வோர் இடத்திலும் நின்று செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் எடுத்ததை அடுத்த இடத்தில் சேர்க்க வேண்டும், ஓரிடத்தில் குளித்துத்தான் அடுத்த மேட்டில் ஏற வேண்டும் என்று, முன்னே சென்ற தலைமுறைகளின் குருசாமிகள் நடையையும் வழிபாட்டையும் பிரிக்க முடியாதபடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றை விட்டுவிட்டுக் கடந்தால் மிஞ்சுவது களைப்பு மட்டுமே.

எருமேலியில் உடலெங்கும் வண்ணம் பூசி, மரத்தாலான ஆயுதங்களை ஏந்தி, "சாமி திந்தகத்தோம், ஐயப்ப திந்தகத்தோம்" என்று ஆடிக்கொண்டே சிறிய கோயிலிலிருந்து, ஐயப்பனின் இஸ்லாமியத் தோழராகப் போற்றப்படும் வாவரின் பள்ளிவாசலுக்குச் சென்று வலம் வந்து, அங்கிருந்து தர்மசாஸ்தாவின் பெரிய கோயிலை அடைவது பேட்டை துள்ளல். ஜனவரியில், மகரவிளக்குக்குச் சில நாட்களுக்கு முன், அம்பலப்புழைக் குழுவினரும் ஆலங்காட்டுக் குழுவினரும் நிகழ்த்தும் பேட்டை துள்ளலைக் காண்பதற்கென்றே பெருங்கூட்டம் கூடுகிறது. வானில் கிருஷ்ணப் பருந்து வட்டமிட்ட பிறகே அம்பலப்புழையார் புறப்படுவார்கள். பிற்பகலில் வானில் விண்மீன் தென்பட்ட பிறகே ஆலங்காட்டார் புறப்படுவார்கள். அந்த நாட்களில் பாதையிலும் நெரிசல் மிகுதி. முதன்முறை செல்பவர் அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

எருமேலியிலிருந்து பேரூர்தோடு, காளைகட்டி வழியாக அழுதா நதிக்கரை வரை செல்லும் முதற்பகுதி பெரும்பாலும் ஊர்களையும் தோட்டங்களையும் ஒட்டியது. இங்கே வேகமாக நடக்க ஆசை வரும். தார்ச்சாலைச் சூட்டில் வெறுங்காலுடன் வேகமாக நடந்தால் மறுநாள் கரிமலைக்கு வேண்டிய பாதங்கள் இங்கேயே புண்ணாகிவிடும். விடியலிலோ வெயில் தாழ்ந்த பிறகோ நடந்து, முதல் இரவை அழுதாக் கரையில் கழியுங்கள். விரிகள் எனப்படும் தற்காலிகக் கொட்டகைகளில் கஞ்சியும் கப்பக்கிழங்கும் சுக்குக் காப்பியும் கிடைக்கும். இருமுடியின் பின்முடியில் கொண்டு வந்த அரிசியை அங்கேயே பொங்கிச் சாப்பிடும் குழுக்களை இன்றும் காணலாம். தலைச்சுமை அதனால் குறைகிறது என்பதோடு, முன்முடியில் இறைவனுக்குரியது, பின்முடியில் வழிச்செலவுக்குரியது என்ற ஏற்பாட்டின் பொருளும் அந்த அடுப்பருகே விளங்கும்.

அழுதாவில் நீராடும்போது ஆற்றின் அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுகரையில் தொடங்கும் அழுதா மேடு செங்குத்தானது. அதை ஏறியதும் வரும் கல்லிடும் குன்றில் அந்தக் கல்லை இட்டு வணங்க வேண்டும். மகிஷி என்ற அரக்கியின் உடலை ஐயப்பன் அடக்கிய இடம் அதுவென்றும், அவள் மீண்டும் எழாதபடி கற்களை இட்டு மூடினார்கள் என்றும் நம்பிக்கை. உள்ளங்கையளவு கல் போதுமானது. பெரிய கல்லைச் சுமப்பது பக்தியின் அளவு என்று கருதிப் பாதி மேட்டில் மூச்சிரைக்க நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்னிசாமிகளுக்கு இதைக் குருசாமி கரையிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கிருந்து இஞ்சிப்பாறைக்கோட்டையில் தேங்காய் உடைத்து வழிபட்டு, முக்குழியைக் கடந்தால் கரிமலை அடிவாரம் வரும்.

கரிமலையைப் பற்றி எல்லோரும் ஏற்றத்தைத்தான் சொல்வார்கள். ஏழு தட்டுகளாக எழும் அந்த ஏற்றம் கடினம்தான். ஒரு தட்டு முடிந்தது, உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும்போது அடுத்த தட்டு தொடங்கும். எனினும் ஏற்றத்தில் உடலே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. "தேக பலம் தா, பாத பலம் தா" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் சரண கோஷத்தின் அளவுக்கு மூச்சை ஒழுங்கு செய்துகொண்டு ஏறினால் ஏறிவிடலாம். சரணம் சொல்லக் குரல் எழவில்லை என்றால் நின்று இளைப்பாற வேண்டும் என்று பொருள். உச்சியில் கிணற்று நீர் உண்டு, கரிமலை பகவதியின் சன்னிதி உண்டு. அங்கே அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

உண்மையான சோதனை கரிமலை இறக்கம். மரவேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, மண் அரித்துப்போய், வேரே படியாகவும் வேரே தடையாகவும் இருக்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால், எண்ணற்ற பாதங்கள் பட்டுப் பட்டு வழவழப்பான அந்த வேர்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வேரின் மீது கால் வைக்காமல், இரண்டு வேர்களுக்கு இடையிலுள்ள மண்ணில் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி ஊன்றுங்கள்; கம்பை முதலில் கீழே ஊன்றி, அது நின்ற பிறகு காலை எடுங்கள். ஒரு கை தலையில் உள்ள இருமுடியைப் பிடித்திருப்பதால் விழுந்தால் தாங்கிக்கொள்ள மறு கை மட்டுமே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நண்பர்கள் சொல்லும் ஒருநாள் திட்டத்தில் இந்த இறக்கத்தைத் தொடும்போது பொழுது சாய்ந்திருக்கும், தொடைகள் நடுங்கத் தொடங்கியிருக்கும். பெரியார் புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானைக் காடு அது. இருட்டிய பிறகு அங்கே இருப்பது உங்களுக்கும் நல்லதன்று, யானைகளுக்கும் நல்லதன்று. வனத்துறையினர் பிற்பகலுக்குப் பின் காட்டுக்குள் விடாமல் நிறுத்துவதும் இதனால்தான். அனுமதி நேரம் மாறக்கூடியது, ஆகவே எருமேலியிலேயே விசாரித்து, அதற்கேற்ப அழுதாவிலிருந்து அதிகாலையில் கிளம்புங்கள்.

இறக்கம் முடிந்தால் பெரியானவட்டம், சிறியானவட்டம்; இரண்டாம் இரவை அங்கோ பம்பைக் கரையிலோ கழிக்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்திற்கு முன் பம்பையைப் பார்த்தவர்களுக்கு அந்த மணற்புறம் இன்று அடையாளம் தெரியாது. கட்டடங்கள் அடித்துச் செல்லப்பட்டு, வாகனங்களுக்கான முதன்மைத் தளமே நிலக்கல்லுக்கு மாறிவிட்டது. பம்பையில் நீராடி, கணபதியை வணங்கி ஏறும் நீலிமலைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கூட்டமே உங்களை அழைத்துச் சென்றுவிடும். ஆனால் கன்னிசாமியான நீங்கள் வழியிலுள்ள சரங்குத்தியில், அம்பு வடிவிலான சரக்கோலைக் குத்தாமல் செல்லக் கூடாது. அந்த ஆண்டு கன்னிசாமி வந்தாரா என்று சன்னிதானத்தின் அருகே கோயில் கொண்டுள்ள மாளிகைபுரத்தம்மன் வந்து பார்ப்பது அங்கேதான் என்பது ஐதீகம்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, 41 நாள் விரதமே போதுமான பயிற்சி, அதை முறையாகக் கடைப்பிடித்தால். மாலை அணிந்த நாள் முதல் செருப்பில்லாமல் நடப்பதும், அதிகாலை எழுவதும், எளிய உணவு உண்பதும் இந்தக் காட்டுக்காகவே உடலைப் பழக்குபவை. அலுவலகத்தில் மட்டும் செருப்பு அணிந்துகொள்கிறேன் என்பவர்களின் பாதங்களை அழுதா மேடு உடனே கண்டுபிடித்துவிடும். இரவில் பாதங்களைக் கழுவி, நன்கு துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். ஈரத்தில் ஊறிய தோல்தான் விரைவில் கிழிகிறது. இருமுடியில் பிளாஸ்டிக் பொட்டலங்கள் வேண்டாம் என்ற விதியை முழு மனத்துடன் பின்பற்றுங்கள். நாம் எறியும் உறையைக் காட்டு விலங்குகள் தின்னும் அவலத்தைவிடப் பெரிய விரத பங்கம் எனக்குத் தெரியவில்லை. மெய்நிகர் வரிசை முன்பதிவைப் பம்பையை அடையும் நாளுக்கு மறுநாளாக வைத்துக்கொண்டால் காட்டில் அவசரப்பட நேராது.

இனி தந்தையார். அவரைப் பெருவழியில் அழைத்துச் செல்ல வேண்டாம். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் அவசர சிகிச்சை மையங்களும் ஆக்சிஜன் வசதியும் உள்ளன. கரிமலை இறக்கத்தில் ஒருவருக்கு முழங்கால் மடங்கிவிட்டால், அவரைத் தூக்கி வர மனிதத் தோள்களையே நம்ப வேண்டியிருக்கும். அவரை உறவினர் ஒருவருடன் நிலக்கல் வரை வாகனத்திலும், அங்கிருந்து அரசுப் பேருந்தில் பம்பைக்கும் வரச் சொல்லுங்கள். பம்பையிலிருந்து நீலிமலையைத் தவிர்த்து, ஏற்றம் குறைவான சுவாமி ஐயப்பன் சாலையில் மெதுவாக ஏறலாம். தேவைப்பட்டால் டோலியும் கிடைக்கும். புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். காட்டுக்குள் கைப்பேசி பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால், பம்பை கணபதி கோயிலருகே இன்ன நாள், இன்ன வேளை என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குறித்த வேளைக்கு நீங்கள் வந்து சேராவிட்டால் பதறாமல் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் அவரிடமும் உடன் வருபவரிடமும் சொல்லிவிடுங்கள்.