லாபம் கூடியும் பங்கு விலை இறங்கியது ஏன்?

மேலூர் நண்பருக்கு வணக்கம். நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் காலாண்டு லாபம் 18 சதவீதம் உயர்ந்தும் மறுநாளே பங்கு விலை சரிந்ததால், இதில் சூழ்ச்சி இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து அப்படி ஐயப்பட வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

பங்கின் விலையில் முதன்மையாக அடங்கியிருப்பது, நடந்து முடிந்த லாபம் அன்று. இனி வரப்போகும் லாபத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு. முகூர்த்த நாளுக்கு முன்பே மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை ஏறிவிடுவதைப் போல, முடிவுகள் வெளியாகும் முன்பே பங்கும் ஏறிவிடக்கூடும். சந்தை 25 சதவீத வளர்ச்சியை எதிர்பார்த்திருந்தால், 18 சதவீதம் நல்ல வளர்ச்சியே ஆனாலும் ஏமாற்றம்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அடுத்த ஆண்டு பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் லாபம் வரும் என்று நம்பி, அதைப் போல 40 மடங்கு கொடுக்கச் சந்தை முன்வந்தால் விலை 1,000 ரூபாய். அந்த நம்பிக்கை 23 ரூபாயாகக் குறைந்து, வளர்ச்சியின் மீதான ஐயத்தால் மடங்கும் 36 ஆக இறங்கினால், விலை 828 ரூபாய் ஆகிவிடும். லாபம் குறையவே இல்லை. எதிர்பார்ப்பு மட்டுமே குறைந்தது.

ஆகவே, விற்பதா என்று முடிவெடுக்கும் முன், பங்குச்சந்தையின் இணையதளத்தில் அந்நிறுவனம் அளித்துள்ள அறிக்கையைப் படித்து, லாபம் விற்பனையிலிருந்து வந்ததா, சொத்து விற்றது போன்ற ஒருமுறை வருமானத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான பணமும் இந்தப் பங்கில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தொகையை மட்டும், விலை எதுவாயினும், இப்போதே வெளியே எடுத்து வங்கியில் வைத்துவிடுங்கள்.