வளைவில் காலை எடுக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வயது 36. 2023இல் புதிதாக வாங்கிய டொயோட்டா ஜிஆர்86 ஓட்டுகிறேன். நல்ல கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்ஜின் நடுவில் இருக்கும் கார் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. ஜப்பானிலிருந்து இறக்குமதியான, அப்படிப்பட்ட 1994 டொயோட்டா எம்ஆர்2 டர்போ ஒன்று இப்போது விலைக்கு வந்திருக்கிறது. ஜிஆர்86ஐ விற்றுவிட்டு இதையே தினமும் வேலைக்கு ஓட்டலாமா? பழைய கார், எடை குறைவு, இன்னும் வேகமாகப் போகும் என்கிறான் நண்பன். மழையில் பின்பக்கம் பட்டென்று சுற்றிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. எங்களுக்கு நாலு வயது மகள். "பிள்ளையை எங்கே உட்கார வைப்பீர்கள்?" என்று மனைவி கேட்கிறாள்.
- பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: தம்பி, நண்பர் சொன்னதை முதலில் தீர்த்துவிடுவோம். பழைய கார் என்றால் எடை குறைவு என்பது இந்த இரண்டாம் தலைமுறை எம்ஆர்2வுக்குப் பொருந்தாது. டர்போ வண்டி சுமார் 1,270 கிலோ. உங்கள் ஜிஆர்86ம் கிட்டத்தட்ட அதே எடைதான். சக்தியும் அப்படியே. 1993 இறுதியிலிருந்து வந்த ஜப்பானிய டர்போவுக்கு 245 குதிரைத்திறன், உங்களுடையதற்கு 234. அந்த 245ம் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த கணக்கு. முப்பது வருடம் கழித்து அதில் எவ்வளவு மிச்சம் என்பது இடையில் வைத்திருந்தவர்களின் கைராசி. எடை குறைந்த எம்ஆர்2தான் வேண்டும் என்றால் 1984இல் வந்த முதல் தலைமுறையையோ, 1999க்குப் பிறகு வந்த திறந்த கூரை மூன்றாம் தலைமுறையையோ பாருங்கள். அவை ஒரு டன் பக்கம் நிற்கும். வேகத்துக்காக இந்த டர்போவுக்கு மாறாதீர்கள், ஏமாந்துபோவீர்கள்.

மாறுவதற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது. அதே காரணம்தான் மழைநாளில் பயமும்.

ஜிஆர்86இல் எடையில் பாதிக்குச் சற்று மேல் முன்சக்கரங்கள் மீது இருக்கிறது. எம்ஆர்2வில் முன்னால் 42, பின்னால் 58 என்கிற கணக்கு. என்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. பெட்ரோல் டேங்க்கூட இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஓடும் சுரங்கத்துக்குள்தான். டேங்க் நிறைந்திருந்தாலும் காலியானாலும் வண்டியின் நடத்தை அதிகம் மாறாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு திரும்புவதற்கும், இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கும் எவ்வளவு வித்தியாசம்? கனம் நடுவில் சேர்ந்திருந்தால் வண்டி சட்டென்று திரும்பும். மூக்கில் பாரம் இல்லாததால் ஸ்டீயரிங் பேசும். வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின் டயர்கள் நிலத்தைக் கவ்விக்கொண்டு தள்ளும். இதை ஒருமுறை ருசித்தவர்கள் முன் என்ஜின் வண்டிக்குத் திரும்பும்போது ஏதோ ஒன்று குறைகிறது என்பார்கள். சும்மா சொல்வதில்லை.

ஆனால் சட்டென்று திரும்புகிற வண்டி, சறுக்கினாலும் சட்டென்றுதான் சுற்றும். நடப்பது இதுதான்: வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிடுகிறீர்கள். முன்பக்கம் லேசு என்பதால் முதலில் மூக்கு வெளியே இழுக்கிறது. பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள், அல்லது பிரேக்கைத் தொடுகிறீர்கள். அந்தக் கணம் எடை முன்னால் பாய்கிறது. முன் டயர்களுக்குப் பிடி கூடுகிறது, பின் டயர்களுக்குக் குறைகிறது. பின்னால் கனமான என்ஜின், அது நேராகவே போகப் பார்க்கிறது. பின்பக்கம் வெளியே வீசுகிறது. ஜிஆர்86இலும் இப்படி நடக்கும். ஆனால் அங்கே அது மெதுவாக வரும், ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். போதாக்குறைக்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உங்களுக்குத் தெரியாமலேயே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கிவிடும். எம்ஆர்2வில் அந்தக் காவல் கிடையாது. நீங்கள்தான் எல்லாம்.

சரி, பயமுறுத்துகிறவர்கள் சொல்வது எவ்வளவு உண்மை? 1989இல் வந்த ஆரம்ப வண்டிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உண்மை. டொயோட்டாவே 1991 இறுதியில் பின் சஸ்பென்ஷனின் அமைப்பை மாற்றியது. 14 அங்குலச் சக்கரங்கள் 15 ஆயின, பின் டயர்கள் அகலமாயின. நீங்கள் பார்த்திருக்கும் 1994 வண்டி திருத்தத்துக்குப் பிந்தையது. ஒழுங்காக வைத்திருந்தால் அது நல்ல நடத்தை உள்ள வண்டிதான். 'ஒழுங்காக' என்பதை அழுத்தியே சொல்கிறேன். இன்று இந்த வண்டிகள் சுற்றிக்கொண்டு போய் வேலியில் நிற்பதற்குப் பழைய டயரும், தப்பான அலைன்மென்டும், ஓய்ந்துபோன சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களும் பாதிக் காரணம் என்பது என் கணிப்பு. மீதிப் பாதி ஓட்டுகிறவரின் வலது கால்.

அந்தக் காலுக்கு நீங்கள் புதுப் பழக்கம் கற்பிக்க வேண்டும். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்தபடியே போங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் காலைப் படக்கென்று எடுக்காமல் மெல்லத் தளர்த்துங்கள். பிரேக் பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கை நேராக்கிவிட்டுப் பிடியுங்கள். லண்டனில் உங்களுக்கு ஆபத்தான இடம் மலைப்பாதை இல்லை, நவம்பர் மாதக் காலை நேர ரவுண்டபவுட். ஈரச் சாலை, சூடேறாத டயர், இரண்டாம் கியர், டர்போ காற்றடிக்கத் தொடங்கும் அந்த நொடி. இதைச் சாலையில் கற்காதீர்கள். தண்ணீர் தெளித்த ஸ்கிட் பேனில், அதாவது வண்டியைச் சறுக்கவிட்டுப் பழகும் களத்தில், பயிற்சி தருகிற இடங்கள் பிரிட்டனில் இருக்கின்றன. காரை வாங்குவதற்கு முன்பே ஒரு நாள் போய், உங்கள் ஜிஆர்86இல் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளுக்குப் பிறகு "இது எனக்கு வேண்டாம்" என்று தோன்றினால் பெரும் பணம் மிச்சம்.

இனி தினமும் வேலைக்கு ஓட்டுவது. இங்கேதான் திட்டம் படுத்துவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகளும்) யூலெஸ் மண்டலத்துக்குள், அதாவது புகைத் தரம் தேறாத வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் மண்டலத்துக்குள். அந்த விரிவாக்கத்தை எதிர்த்து உங்கள் ஹாரோ கவுன்சிலும் சேர்ந்துதான் நீதிமன்றம் போனது, தோற்றது. பெட்ரோல் கார் யூரோ 4 என்ற புகைத் தரத்துக்கு இருக்க வேண்டும், பொதுவாக 2005க்குப் பிறகு பதிவானவைதான் தேறும். தேறாத வண்டியை நகர்த்தினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. வாரம் ஐந்து நாள், வருடத்துக்கு ஐம்பது வாரம் என்று வைத்தால் 3,125 பவுண்டு. வீட்டு வாசலில் சும்மா நின்றால் கட்டணம் இல்லை. பழைய கார்களில் சில தப்பித்துக்கொள்வதும் உண்டு, எனவே பதிவெண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். 40 வயது தாண்டி ஹிஸ்டாரிக் வகையில் பதிவானவற்றுக்கு விலக்கு உண்டு. முதல் தலைமுறை எம்ஆர்2வின் ஆரம்ப வண்டிகள் இப்போது அந்த வயதுக்கு வந்துவிட்டன. 1994 வண்டிக்கு அந்த வயது வர இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

மனைவி கேட்டதற்கு எம்ஆர்2வில் பதிலே இல்லை. இரண்டே இருக்கை. உரிய சைல்டு சீட்டில் பிள்ளையை முன்னால் உட்கார வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது. ஜிஆர்86இன் பின் இருக்கை பேருக்குத்தான் என்றாலும் நாலு வயதுப் பிள்ளைக்கு அது இருக்கை. வீட்டில் வேறு கார் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றால் இந்த மாற்றம் வேண்டாம் என்பதே என் பதில். இன்னொன்றும் உண்டு. ஜிஆர்86 பிரிட்டனுக்கு வந்ததே குறைவு, இப்போது புதிதாக வருவதும் நின்றுவிட்டது. விற்றபின் மனம் மாறினால் பழையதைத்தான் தேட வேண்டியிருக்கும்.

வேறு கார் இருக்கிறது, வார இறுதிக்குத்தான் இது என்றால் மேலே படியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டர்போவை விட்டுவிட்டு, பிரிட்டனிலேயே விற்கப்பட்ட டர்போ இல்லாத எம்ஆர்2வைத் தேடுவேன். டொயோட்டா டர்போவை இங்கே அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை, இருப்பவை எல்லாம் ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றில் பல, கை மாறிக் கை மாறி, பூஸ்ட் ஏற்றப்பட்டு, பெரிய எக்ஸாஸ்ட் மாட்டப்பட்டுக் களைத்துப் போனவை. டர்போ இல்லாத 2 லிட்டர் என்ஜின் 1994 வாக்கில் 173 குதிரைத்திறன் தந்தது. உங்கள் காரைவிட மெதுவாகத்தான் போகும், அதனால் என்ன? நடு என்ஜினின் சுகம் வளைவில் இருக்கிறது, அதற்கு 173 தாராளம். டர்போவின் என்ஜின் அறைக்குள் ஒரு தண்ணீர் ஹோஸ் மாற்ற மெக்கானிக் படும் பாட்டைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

எந்த வண்டியானாலும் பார்க்கப் போவதற்கு முன்பே அரசுத் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் படியுங்கள். இலவசம், 2005 வரை பின்னோக்கிப் போகும். தேர்ச்சியா தோல்வியா என்பதைவிட 'கவனிக்கவும்' என்று எழுதியிருக்கும் சின்னக் குறிப்புகள் முக்கியம். சில்லில் (கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில்) துரு என்று ஒரு வருடம் எழுதி, மறு வருடம் அந்தக் குறிப்பு காணாமல் போயிருந்தால், வெல்டிங் செய்ததற்கான ரசீது கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மேலே பூசி மறைத்திருக்கலாம்.

நேரில் போனால் சில்களையும் பின் சக்கர வளைவுகளையும் விரலால் தடவிப் பாருங்கள், உப்புத் தூவும் நாட்டில் இந்த வண்டி அங்கிருந்துதான் அழுகும். டி-பார் கூரை (கழற்றக்கூடிய இரண்டு கண்ணாடிகள் கொண்ட கூரை) இருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி ஓரத்து ரப்பர் காய்ந்ததும் மழை உள்ளே வந்துவிடும். ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால் என்பதால் கூலன்ட் குழாய்கள் வண்டியின் அடியில் நீளத்துக்கும் ஓடுகின்றன. அவற்றின் துருவைப் பார்க்க லிஃப்டில் ஏற்றியே ஆக வேண்டும். கூலன்ட் மாற்றியவர் உள்ளே சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றாமல் விட்டிருந்தால் என்ஜின் ஒருமுறையாவது கொதித்திருக்கும், ஆகவே யார், எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். குளிர்ந்த என்ஜினோடு ஓட்டிப் பாருங்கள், இரண்டாம் கியர் உறுமுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும். முன்னால் 195, பின்னால் 225 என்ற அகல வித்தியாசம் கம்பெனி வேண்டுமென்றே வைத்தது. நான்கும் ஒரே அகலத்தில் இருந்தால் அழகுக்காகவோ காசு மிச்சத்துக்காகவோ யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யூலெஸ் தொல்லையும் வேண்டாம், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் வேண்டும் என்றால் 2006க்குப் பிறகு பதிவான போர்ஷே கேமன் இருக்கிறது. 2.7 லிட்டர் வண்டிக்கு 245 குதிரைத்திறன், அதே நடு என்ஜின். உங்கள் ஜிஆர்86போலவே சிலிண்டர்கள் படுக்கைவசத்தில் இருக்கும் என்ஜின் என்பதால் சத்தம்கூடக் கொஞ்சம் பழகியதாகத் தோன்றலாம். 3.4 லிட்டரில் சிலிண்டர் சுவர் கீறிக்கொள்ளும் வியாதி உண்டு, எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2009 முதல் வந்த என்ஜின்களில் பழைய போர்ஷேக்களைப் பயமுறுத்திய ஐஎம்எஸ் பேரிங் (என்ஜினுக்குள் ஓர் இடைத் தண்டைத் தாங்கும் பேரிங்) என்ற சமாச்சாரமே இல்லை. உதிரி விலைதான் போர்ஷே விலை. ஆசையாக ஆரம்பித்து அறிவோடு முடிக்க நினைப்பவர்களுக்கு இதுவே என் சிபாரிசு. ஆனால் எம்ஆர்2 ஆசை கேமனில் தீராது என்பதும் தெரியும்.

எதை வாங்கினாலும் முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். நான்கு புது டயர், எல்லாத் திரவங்களும், டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் அதை மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டால் பெல்ட், அப்புறம் நான்கு சக்கர அலைன்மென்ட். இவ்வளவும் முடித்த பிறகே வேகமாக ஓட்டிப் பாருங்கள். புஷ்களை மாற்றுவதாக இருந்தால் அலைன்மென்டை அதற்குப் பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை காசு கொடுக்க வேண்டிவரும்.