மூளையும் முதியோர் பாஸும்

கேள்வி: லண்டனின் நகைக்கடைப் பகுதியான ஹாட்டன் கார்டனில் சுவரைத் துளைத்தே பெட்டகத்தைக் காலி செய்த அந்தக் கிழவர்களின் மூளையே மூளை! போலீஸ் எப்படித்தான் பிடித்தது? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: மூளையா? கூட்டத்தில் மூத்தவர், 76 வயது பிரையன் ரீடர், 2015 ஈஸ்டர் விடுமுறையில் அந்த வேலைக்குக் கிளம்பியது 96ஆம் எண் பஸ்ஸில். அதுவும் வேறொருவர் பெயரிலிருந்த முதியோர் இலவச பாஸில். கோடிகளை அள்ளப் போகிறவர் பஸ் காசை மிச்சம் பிடிக்கிறார்! நம்மூராக இருந்தால் திட்டம் அங்கேயே படுத்திருக்கும். தோட்டத்து சிம்பாங்கில் (சந்தியில்) பஸ்ஸுக்கு நின்றால் ஈஸ்டர் போய் தீபாவளி வந்துவிடும். இரவு பஸ் கேட்டு இந்தப் பக்கத்தில் எழுதியெழுதி மை தீர்ந்ததுதான் மிச்சம். நம் மக்கள் பிரதிநிதி ஒய்.பி.க்குத் தோட்டத்துக்கு வழி தெரிவது தேர்தலுக்குத் தேர்தல்தான்.

சரி, துளைக்கு வருவோம். ஹில்டி டிடி350 என்ற வைரமுனை இயந்திரம். சுவரில் போல்ட் போட்டு இறுக்கி, தண்ணீர் விட்டுக்கொண்டே அரைக்க வேண்டும். சுத்தியல் மாதிரி இடிக்காது. உள்ளே இருக்கும் கம்பியையும் அறுத்துவிடும். 50 சென்டிமீட்டர் கான்கிரீட்டில் அடுத்தடுத்து மூன்று துளை போட்டு எட்டிப் பார்த்தால், எதிரே தரையோடும் கூரையோடும் முடுக்கிய இரும்பு அலமாரி. அதைத் தள்ளப் போன ஹைட்ராலிக் ஜாக் உடைந்தது. முதல் இரவு வெறுங்கை. ரீடர் கழன்றுகொண்டார். மற்றவர்கள் புது ஜாக் வாங்கிவந்து வாடிக்கையாளர்களின் 73 பாதுகாப்புப் பெட்டிகளை உடைத்தார்கள். இடையில் அலாரம் அடித்தது. காவலாளி வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார், போலீஸ் வரவேயில்லை. இதில் யார் மூளையை மெச்சுவது?

கட்டடத்து கேமராப் பதிவைத் தூக்கிப் போனவர்கள், பக்கத்துக் கடை கேமரா ஒன்றை விட்டுவிட்டார்கள். வந்த கார் கூட்டாளி ஒருவரின் சொந்த வெள்ளை மெர்சிடிஸ். அதைத் தொடர்ந்து போன போலீஸ், அவர்களுடைய கார்களில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தது. கிழவர்கள் பெருமையடித்துப் பேசியது முழுக்கப் பதிவானது. மே மாதம் கைது.

நம் கோயில் நிர்வாகங்கள் இந்தக் கேமரா பகுதியை மட்டும் இரண்டு தடவை படிக்கட்டும். பதிவுப்பெட்டி ஆபீஸ் மேசைக்கடியில் இருந்தால் உண்டியலோடு அதையும் கொண்டுபோவான். வேறு அறையில் பூட்டி வையுங்கள். பதிவுப்பெட்டி காட்டும் நேரம் தப்பாக இருந்தால் பக்கத்துக் கடைப் பதிவோடு ஒப்பிட முடியாது. டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறும். ஆகவே திருட்டு தெரிந்த உடனே நகல் எடுங்கள், கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு அல்ல. செலவுக்குப் பணமில்லை என்று தலைவர் மறுபடி கடிதம் எழுத வேண்டாம். திருவிழா மலரில் அவர் படம் வரும் பக்கங்களில் பாதியைக் குறைத்தாலே போதும்.