பிரிவுக்கு ஒரு பாட்டு: ‘சொடாடே’

அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து வீடே வெறிச்சென்று இருக்கிறது, மொழி புரியாவிட்டாலும் மனதைத் தொடும் பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் கேப் வெர்டே தீவுகளின் பாடகி செசாரியா எவோரா பாடிய ‘சொடாடே’ (ஏக்கம் என்று பொருள்) கேளுங்கள். 1992-ல் வந்த ‘மிஸ் பெர்ஃபுமாடோ’ தொகுப்பில் இருக்கிறது.

ஊரை விட்டு, ஆப்பிரிக்காவின் இன்னொரு தீவான சாவோ டோமேயின் தோட்டங்களுக்குக் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களின் ஏக்கம் அது. இந்தத் தூர வழியை உனக்குக் காட்டியது யார் என்றுதான் தொடங்கும். அப்புறம், நீ கடிதம் போட்டால் நானும் போடுவேன், மறந்தால் நானும் மறப்பேன், நீ திரும்பி வரும் நாள்வரை என்று வரும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். இத்தனைக்கும் செசாரியா அழுது பாடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல நிதானமாகப் பாடியிருப்பார்.

அண்ணனுக்கும் அனுப்பி வையுங்கள்.