கையெழுத்துக்குப் பிறகு என்ன? வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டு பற்றிய செட்டிநாட்டுக் கேள்வி பதில்

இந்த முறை கேள்விகள் எல்லாம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவை. ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கல்விக் கடன், விசா ஏஜென்ட், மருத்துவப் படிப்பு இவை என் துறை இல்லை. சொன்னாலும் கேட்பீர்கள், பரவாயில்லை.

தேவகோட்டை, வணிகவியல் துறைத் தலைவர்: மேடம், எங்கள் கல்லூரியில் ஐந்து வெளிநாட்டு எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) இருக்கின்றன. கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது எடுத்துக் காட்டுகிறோம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லையே?

அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள் சார். அவர்களுடைய எந்தப் பாடம் நம்முடைய எந்தப் பாடத்துக்குச் சமம் என்று ஓர் இணைப்புப் பட்டியல் இருக்கிறதா? இருக்காது. போட்டோ இருக்கும், பொன்னாடை இருக்கும், பட்டியல் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பி.காம். படித்த பெண் மலேசியாவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு நல்ல கிரேடோடு திரும்பினாள். தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தவர் பாடக் குறியீட்டை கணினியில் அடித்தார். ஏறவில்லை. இன்னொரு தடவை அடித்தார். அப்போதும் ஏறவில்லை. அந்தப் பிள்ளை அந்த செமஸ்டர் பேப்பர் அத்தனையையும் அரியர் மாதிரி இங்கே உட்கார்ந்து மறுபடி எழுதியது. அடுத்த வருடம் அந்தக் கல்லூரியிலிருந்து யாரும் போகவில்லை. எப்படிப் போவார்கள்?

தன்னாட்சிக் கல்லூரி என்றால் சமப் பட்டியலை உங்கள் கல்விக் குழுவிலேயே வைத்து நிறைவேற்றலாம். இணைவுக் கல்லூரி என்றால் தாய்ப் பல்கலைக்கழகம்தான் ஒப்ப வேண்டும். அதை வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பட்டியல் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னும் பல தடவை இதையே சொல்லப்போகிறேன்.

ஐரோப்பாவில் மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டம் 1987இல் 11 நாடுகள், 3,244 மாணவர்களோடு ஆரம்பித்தது. கிரெடிட் (படிப்பு உழைப்பை அளக்கும் அலகு) மாற்றும் முறையை 1989இல் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். 29 நாடுகள் சேர்ந்து, பட்டப் படிப்புகளை ஒத்த முறைக்குக் கொண்டுவரும் போலோன்யா பிரகடனத்தில் கையெழுத்திட்டது 1999இல். பிள்ளைகள் போய் வந்தார்கள், கணக்கு சரியானது, பிரகடனம் அதற்கப்புறம் வந்தது. நாம் பிரகடனத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

பள்ளத்தூர், இரண்டாம் ஆண்டு மாணவி: அக்கா, மலேசியாவில் ஒரு செமஸ்டர் படிக்க எனக்கு ஆசை. வீட்டில் சம்மதம். யாரைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் துறைத் தலைவரை, ஏஜென்ட்டை அல்ல. அங்கே படிக்கப்போகும் பாடங்களின் பாடத்திட்டத்தை அச்செடுத்து, இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளம்மா. வாய் வார்த்தை போதாது. பெட்டி கட்டுவது அதற்குப் பிறகு.

காரைக்குடி, ஒரு தந்தை: பையனை ஜெர்மனிக்கு அனுப்ப எந்த வங்கியில் வட்டி குறைவு?

வங்கியில் கேளுங்கள்.

திருப்பத்தூர், ஆங்கிலத் துறை ஆசிரியர்: யாழ்ப்பாணத்தோடு பரிமாற்றம் வைக்க நினைக்கிறோம். மொழிச் சிக்கல் இல்லை, தூரமும் இல்லை. கிரெடிட் மட்டும் பொருந்தவில்லை. அங்கே 3 என்றால் இங்கேயும் 3தானே?

நல்ல கேள்வி. 3 இல்லை. ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நம் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் வருடத்துக்கு 1,200 மணி, 40 கிரெடிட். ஆக, ஒரு கிரெடிட் 30 மணி. மலேசியாவில் ஒரு கிரெடிட் 40 மணி. இலங்கையில் 50 மணி. ஐரோப்பாவில் 25 முதல் 30.

ஆக, யாழ்ப்பாணத்தில் 3 கிரெடிட் பாடம் படித்த பிள்ளை 150 மணி உழைத்திருக்கிறது. இங்கே அது 5 கிரெடிட். மலேசியாவின் பினாங்கில் 3 கிரெடிட் என்றால் 120 மணி, இங்கே 4. நீங்கள் 3க்கு 3 போட்டால் யாழ்ப்பாணம் போய்வந்த மாணவருக்கு ஒரே பாடத்தில் 60 மணி உழைப்பு காணாமல் போகும். திரும்பி வரும்போது மொத்தத்தில் கிரெடிட் குறையும், பட்டம் தள்ளிப்போகும். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். அங்கிருந்து வரும் பிள்ளை நம்மிடம் 20 கிரெடிட் படித்தால் 600 மணி, அவர்கள் கணக்கில் 12தான். இதை அந்தப் பிள்ளை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஓர் ஏ4 தாளில் நம் கணக்கு, அவர்கள் கணக்கு என்று இரண்டு பத்தி போட்டு மணிக் கணக்கை எழுதுங்கள். எம்ஓயுவின் முதல் இணைப்பு அதுதான்.

கானாடுகாத்தான், உதவிப் பேராசிரியர்: ஆசியான் பல்கலைக்கழக வலையமைப்பில் நம் கல்லூரி உறுப்பினர் ஆக முடியுமா?

முடியாது. 1995இல் தொடங்கிய அது தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கானது. அதில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தோடு நேரடியாகப் பேசலாம். நம் பக்கத்துக்கு என்று சார்க் நாடுகள் டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகத்தை 2010இல் தொடங்கின. ஆனால் 2014க்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை. அரசுகள் முகம் திருப்பிக்கொண்டாலும் இரண்டு துறைகளுக்கு நடுவே நடக்கும் சின்ன ஏற்பாடு நிற்காது. அதனால்தான் சின்னதாக ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

காரைக்குடி, சுயநிதிக் கல்லூரி நிர்வாகி: ஒரு ஏஜென்சி வந்திருக்கிறது. எங்கள் வளாகத்திலேயே ஆன்லைனில் வெளிநாட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி இரட்டைப் பட்டத்தைத் தனி அனுமதி கேட்காமல் தொடங்க நாக் மதிப்பு 3.01 வேண்டும், அல்லது என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசுத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் நூறில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசு அறிவித்த சீர்மிகு நிறுவனமாக இருக்க வேண்டும். எதிர்த் தரப்பு உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் வேண்டும். குறைந்தது 30 சதவீதக் கிரெடிட் இங்கே படித்திருக்க வேண்டும். ஆன்லைன், தொலைநிலைப் படிப்புகளுக்கு இந்த விதி பொருந்தாது. வெளிநாட்டுப் பெயரை வாங்கி இங்கே நடத்தும் ஃபிரான்சைஸ் கூடவே கூடாது. ஏஜென்சிக்காரர் பேச்சில் ‘கமிஷன்’ வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

கோட்டையூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஆச்சி, நம்மவர்கள் போன வழி இருக்கும்போது புது வழி எதற்கு? ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் எல்லாம் நம் வட்டிக் கடைக் கிட்டங்கி இருந்த ஊர்கள். ஓர் ஊரில் எழுதிய உண்டியல் (பணம் தரச் சொல்லும் சீட்டு) இன்னோர் ஊரில் செல்லுபடியானது. கிரெடிட்டும் அதே மாதிரிதானே?

உண்டியல் உவமை அருமை அய்யா, எடுத்துக்கொள்கிறேன். ரங்கூனில் செட்டியார்கள் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்து எல்லோரும் ஒரே கணக்கில் நடந்தார்கள். நமக்கு இல்லாதது அந்த ஒழுங்குதான்.

காரைக்குடி, வரலாற்று ஆசிரியர்: மன்னிக்கவும், இதை விட முடியவில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. பர்மா விவசாயியின் பேரனிடம் போய் ‘நம் பழைய உறவு’ என்று பேச முடியுமா?

கோட்டையூர் ஆசிரியர்: தம்பி, நிலம் வேண்டுமென்று யாரும் போகவில்லை. வட்டிக்குப் போனார்கள், நிலம் தலையில் விழுந்தது. 1942இல் போட்டதைப் போட்டபடி ஓடிவந்தார்கள். சம்பாதித்ததில் பள்ளியும் கல்லூரியும் கட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் 1948இல் நேரு இங்கே வந்து மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதையும் சொல்லுங்கள்.

வரலாற்று ஆசிரியர்: சொல்கிறேன் அய்யா. கல்லூரி இங்கே எழுந்தது, நிலம் அங்கே போனது. இரண்டும் ஒரே பேரேட்டில் இருக்கிறது.

சரி, நான் குறுக்கே வருகிறேன். ஆளுக்குப் பாதி நியாயம் என்று நழுவப்போவதில்லை, வரலாற்று ஆசிரியர் சொல்வதுதான் சரி. பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டு போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் டீ கொடுத்து அனுப்பிவிடுவார். ஆனால் கோட்டையூர் அய்யா தெரியாமலே ஒரு பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

நம் வீடுகளில் பேரேடு, கடைக் கணக்கு, கடிதக் கட்டு எல்லாம் மூட்டையாகக் கிடக்கின்றன. வீட்டைப் பிரிக்கும்போது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும் சாமான்களோடு சேர்ந்து போய்விடுகின்றன. பினாங்கு வரலாற்று மாணவருக்கு அந்தக் காகிதம் தங்கம். கடன் கொடுத்தவன் கணக்கு இங்கே, கடன் வாங்கியவன் ஊர் அங்கே. இரண்டு பக்க மாணவரும் சேர்ந்து படிக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. 12 நாள், நாளுக்கு 5 மணி, 60 மணி, 2 கிரெடிட். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மியான்மரோடு (பர்மாவோடு) நேரடியாக நடத்துவது கஷ்டம், எனவே பினாங்கிலிருந்து தொடங்குங்கள்.

‘நம் பிள்ளைகள் எங்கே போகலாம்’ என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். அவர்கள் பிள்ளை ஏன் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? கணக்கேடு ஒரு காரணம். மின்வேதியியல் இன்னொன்று. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சிமென்ட் ஊற்றித் தரைக்கல் செய்வதும், நூறு வருட வீட்டைப் பழுது பார்ப்பதும் கட்டடக்கலை மாணவருக்குப் பாடம்.

புதுவயல், கல்லூரி நிர்வாகி: எங்களிடமும் நான்கு எம்ஓயு இருக்கிறது மேடம், நகரவில்லை...

தேவகோட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள். பட்டியல்.

காரைக்குடி, விடுதிக் காப்பாளர்: வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தால் போலீஸ் தொந்தரவு வருமா?

விதிப்படி நடந்தால் வராது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே முடியும். கிரெடிட் தரும் படிப்புக்குச் சுற்றுலா விசாவில் வரச் சொல்லாதீர்கள்.

தேவகோட்டை, ஒரு மாணவர்: பிலிப்பைன்ஸ் எம்பிபிஎஸ் இங்கே செல்லுமா?

முதல் பத்தியிலேயே சொன்னேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதியைப் பாருங்கள் தம்பி.

குன்றக்குடி, கல்லூரி முதல்வர்: எங்களைப் போன்ற சின்னக் கல்லூரி தனி அலுவலகம், தனி ஆள் எல்லாம் போட முடியாது. என்ன செய்வது?

தனியாகப் போடவே போடாதீர்கள். அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரே அலுவலகம் வையுங்கள். தேர்வு விதி தெரிந்த ஒருவர் முழு நேரமும் அதில் உட்காரட்டும், சம்பளத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பினாங்கிலிருந்து பேச வருபவருக்கும் ஐந்து தனித்தனிக் கடிதத்தைவிட ஒரு பொதுக் கடிதம் வசதி. வருகிறவர் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி, இன்னொரு கல்லூரியில் வகுப்புக்குப் போகலாம்.

முதல் வருடம் யாரையும் அனுப்ப வேண்டாம். உங்களுக்குள்ளேயே ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு கல்லூரியில் ஒரு பாடம் படித்துக் கிரெடிட்டை மாற்றிப் பாருங்கள். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே மாறாத கிரெடிட் கடல் தாண்டி மாறாது. எந்த மேஜையில் கோப்பு நிற்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பாடக் குழு கூடும் தேதிக்கு முன்னால் பட்டியலை அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.