உறுப்பு தானம் செய்த இளைஞரின் குடும்பத்துக்கு ஊரார் எப்படி மரியாதை செய்யலாம்?

‘மரியாதை’ என்றதும் எனக்குக் கோட்டாட்சியர் வைத்த மலர்வளையம்தான் நினைவுக்கு வருகிறது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஐப்பசியில் பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊருக்கே அந்த வளையம் வந்துவிட்டது. போனவன் என் தம்பி மகன், வயது 22, பைக் விபத்து. அவன் பெயரை எழுத அவன் அம்மாவுக்கு விருப்பமில்லை.

அரசு மரியாதையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘பிள்ளையைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்’ என்று முணுமுணுத்த வாய்கள் அன்றுதான் அடங்கின.

அப்படிப் பேசியவர்கள் அந்த ராத்திரி எங்களோடு இருந்திருக்க வேண்டும். மூளை முழுவதும் மீளவே முடியாதபடி செயலிழந்துபோவதுதான் மூளைச்சாவு. அதை ஒரே சோதனையில் முடிவு செய்துவிடுவதில்லை. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு முறை சோதிக்க வேண்டும். செயற்கைச் சுவாசத்தை விலக்கி, மூச்சு தானாக வருகிறதா என்று பார்ப்பதும் அதில் உண்டு. அந்த ஆறு மணி நேரமும் தஞ்சாவூரில் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய் வந்த அவன் அம்மா என்னிடம், “உடம்பு சூடாக இருக்கிறது மாமா. நெஞ்சு ஏறி இறங்குகிறது. எப்படி இல்லை என்கிறார்கள்?” என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

2008இல் ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்த பிறகுதான் தமிழ்நாட்டில் பலருக்கு இது தெரியவந்தது. அவர்கள் இருவரும் மருத்துவர்கள். என் தம்பியோ ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலக்காரன். மூளைச்சாவு என்ற சொல்லையே அன்றுதான் கேட்டான். இதயம், கல்லீரல், சிறுநீரகங்களுக்குக் கையெழுத்துப் போட்டான். கண்ணுக்கு மட்டும் தம்பி மனைவி சம்மதிக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த ஒருவர், “கண்ணையும் கொடுத்திருக்கலாமே” என்றார். கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாதீர்கள். எவ்வளவு கிடைத்தது என்றும் கேட்காதீர்கள். உறுப்புக்குக் காசு வாங்குவது 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாருக்குப் பொருத்தினார்கள் என்பதை எங்களுக்கும் சொல்லவில்லை.

உண்மையில் தாங்கிப் பிடித்தவர்கள் அவன் கூட்டாளிகள். சம்பா களையெடுப்பு நேரம். தம்பி வயல் பக்கமே போகவில்லை. பையன்களே மடை திருப்பினார்கள், உரம் போட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு வரப்பில் ஒழுங்காக நடக்கக்கூடத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் கடைத்தெரு டீக்கடைக்காரர் வந்தார். “உங்கள் பையன் கணக்கில் நூற்றுப் பத்து ரூபாய் நிற்கிறது. யாராவது வந்து சொல்லி நீங்கள் சங்கடப்படக் கூடாது. கணக்கை அடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன்” என்றார். அவன் அம்மா கேட்கவில்லை. அரிசிப் பானைக்குள்ளிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தாள். பிறகு, “வீட்டில் டீயே குடிக்க மாட்டானே, அங்கே யாரோடு வந்து குடிப்பான்?” என்று கேட்டாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அன்று அவர் கடை திறக்க எட்டு மணி ஆகிவிட்டது.