எனாமல் ஓவியப் பாக்கெட் கடிகாரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: மூடியிலுள்ள ஓவியம் கையால் தீட்டியதா, அச்சா? எப்படி அறிவது?

பதில்: பத்து மடங்கு லென்ஸை ஓவியத்திலுள்ள முகத்தின்மேல் வையுங்கள். கன்னத்து நிழலில் புள்ளிகள் ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி இருந்தால் அது தூரிகை. ஒரே அளவில் வரிசை கட்டி நின்றால் அச்சு. பிறகு விளக்கடியில் மூடியைச் சாய்த்துப் பாருங்கள். நல்ல ஜெனீவா வேலையில் ஓவியம் தெளிந்த நீருக்கடியில் கிடப்பதுபோல் தெரியும். அதன்மேல் உருக்கிய நிறமற்ற கண்ணாடிப் பூச்சே காரணம். அதை ஃபோந்தான் என்பார்கள். உலோகத்தில் உருக்கிப் பதித்த கண்ணாடிப் பூச்சான வெள்ளை எனாமல்மீது உலோக ஆக்சைடு வண்ணங்களைத் தீட்டி, சுமார் 800 டிகிரி சூளையில் பலமுறை சுடுவார்கள். அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், தாங்காதது பின்னால். கடைசிச் சூட்டில் விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. இப்படிப் பிழைத்துவந்த பொருளை ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் மீயொலித் தொட்டியில் போட்டுக் கழுவாதீர்கள்.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. நேரில் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன்.

கேள்வி: சீனச் சந்தைக்குச் செய்தவை ஏன் ஜோடியாக இருக்கின்றன? ஒன்று பழுதானால் மற்றொன்று என்றுதானே?

பதில்: எல்லோரும் சொல்லும் காரணம் இது, எனக்கு இதில் உடன்பாடில்லை. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ளூரியே ஊர்க்காரரான எத்துவார் போவே 1822இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் உட்படப் பலர் சீனத் துறைமுகமான கான்டனுக்கு இவற்றை அனுப்பினார்கள். அந்த ஜோடிகளை அருகருகே வையுங்கள்: ஒன்றில் இடப்பக்கம் பார்க்கும் பெண், மற்றதில் வலப்பக்கம் பார்ப்பாள். மாற்றுக் கடிகாரம்தான் நோக்கம் என்றால் ஓவியனை இப்படித் திருப்பி வரையச் சொல்வார்களா? ஜோடியாகப் பரிசளிக்கும் சீன வழக்கமே இதற்குப் பொருந்துகிறது.

அதே வாசகர்: பழுதுக்கும் உதவியிருக்கலாமே?

பதில்: உதவியிருக்கலாம், அது விளைவு, நோக்கமல்ல. அந்தக் கண்ணாடிப் பிம்பத்துக்கு விளக்கம் சொல்லாதவரை உங்கள் வாதம் நிற்காது.

கேள்வி: விளிம்பு முத்துகள் அழுக்காக உள்ளன. தொட்டியில் போடலாமா?

பதில்: கூடாது! முத்தும் கழன்றுவிடும், எனாமலும் சிதறும். உலர்ந்த மென்தூரிகை போதும்.

கேள்வி: பழுது பார்த்த இடத்தை அறிய முடியுமா?

பதில்: புற ஊதா விளக்கை அடியுங்கள். பிசினால் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் சுற்றியுள்ள கண்ணாடியிலிருந்து வேறுபட்டு ஒளிரும்.